விலாவிலிருந்து கைக்கு

“நரம்பு வந்து சேர்ந்துவிட்டது என்கிறீர்கள். பிறகு ஏன் கை அசையவில்லை?”

கேட்டவர் குரு.

இந்த மாதிரிக் கதைகளில் கேள்வி கேட்பது சீடனின் வேலை. இதில் அப்படி அமையவில்லை. அறுபத்திரண்டு வயது குரு நாற்காலியில் உட்கார்ந்து கேட்டார். முப்பத்தொரு வயது சபூரா எதிரே நின்று பதில் தெரியாமல் முழித்தாள்.

சபூரா அந்த ஊர் ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட். பிறந்தது மேலப்பாளையம். ஆஸ்பத்திரியின் பின்பக்கம் அவளுக்கென்று ஓர் அறை. இரண்டு கட்டில், ஒரு மேஜை, சுவரில் கப்பி, மூலையில் மணல் மூட்டைகள். வருகிறவர்கள் எல்லாரும் நொண்டிக்கொண்டு வருவார்கள், கொஞ்சம் குறைவாக நொண்டிக்கொண்டு போவார்கள். அதற்கே அவள் சந்தோஷப்படுவாள்.

குருவை ஊரில் மூச்சுச் சாமி என்பார்கள். ஆற்றோரம் சின்ன மடம். நாற்பது வருஷமாக மூச்சு விடச் சொல்லிக்கொடுத்தார். வேறு எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை. பிறந்ததிலிருந்து விடுகிற மூச்சை இவரிடம் போய்ப் படிக்கவா என்று கேலி பேசியவர்களும் கடைசியில் அவரிடம் போய் உட்கார்ந்தார்கள்.

பதினொரு மாதத்துக்கு முன் பைக்கில் பின்னால் உட்கார்ந்து போகும்போது தூக்கி எறியப்பட்டார். தலை ஒரு பக்கம், தோள் ஒரு பக்கம் இழுத்ததில் கழுத்திலிருந்து கைக்குப் போகிற நரம்புகள் வேரோடு பிடுங்கிக்கொண்டன. வலது கையின் விரல்கள் அசைந்தன. முழங்கை மடங்கவில்லை.

இலையில் சோற்றைப் பிசைய முடிந்தது. வாய்க்குக் கொண்டுபோக முடியவில்லை.

சீடர்கள் முன்னால் இடது கையால் சாப்பிட அவருக்கு மனம் வரவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு தனியாகச் சாப்பிட்டார்.

நாலு மாதம் மூச்சைக் கைக்கு அனுப்பிப் பார்த்தார். அது போகவில்லை. பிறகுதான் பெரிய ஊர் ஆஸ்பத்திரிக்குப் போனார். அங்கே டாக்டர்கள், விலா எலும்புகளுக்கு நடுவே மூச்சுக்காக ஓடுகிற நரம்புகளில் மூன்றை எடுத்துத் திருப்பி, புஜத்துத் தசையின் நரம்போடு தைத்து அனுப்பினார்கள்.

மூச்சைக் கைக்கு அனுப்ப அவரால் முடியாததைக் கத்தியால் செய்துவிட்டார்கள்.

அது நடந்து ஏழு மாதம் ஆகிறது. போன மாதம் தசையில் ஊசி குத்தி மெஷினில் சோதித்தார்கள். நரம்பு வளர்ந்து தசைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது என்று எழுதிக் கொடுத்தார்கள்.

கை மட்டும் பொணமாகத் தொங்கியது.

*

“நரம்பு வருவதற்கு முன்பும் இதே மாதிரி ஓர் ஊசி குத்தினார்கள்,” என்றார் குரு. “அப்போது மெஷினில் ஒரு சத்தம் கேட்டது. தகரக் கூரையில் மழை பெய்கிற மாதிரி. அது என்ன?”

“உங்க தசைதான் சாமி.”

“கை அசையவே இல்லையே.”

“வெளிய அசையாது. உள்ள ஒவ்வொரு இழையும் தனித்தனியா துடிச்சிட்டு இருக்கும். பாத்தாத் தெரியாது. ஊசி வச்சாக் கேக்கும்.”

“எதற்குத் துடிக்கிறது?”

சபூரா கொஞ்சம் யோசித்தாள். படித்ததைப் படித்த மாதிரி சொன்னால் யாருக்கும் புரியாது என்று இந்த வேலைக்கு வந்த முதல் வருஷமே அவளுக்குத் தெரிந்துபோயிற்று.

“நரம்பு தசையைத் தொடாது சாமி.”

“தொடாதா?”

“கிட்ட வந்து நிக்கும். நடுவுல ஓர் இடைவெளி. ஒரு தலைமுடியை ஆயிரமாப் பிளந்தா எவ்வளவு, அவ்வளவுதான். அந்த இடைவெளில நரம்பு ஒரு மருந்தைக் கொட்டும். அதை வாங்குறதுக்குத் தசையில வாசல் இருக்கு. வாங்குனதும் சுருங்கும். கொட்டுனதை அப்பவே துடைச்சுரும்.”

“துடைப்பது யார்?”

“அதுக்குன்னே அங்க ஒண்ணு இருக்கு. துடைச்சாத்தான அடுத்த சொல்லு கேக்கும்?”

குரு தலையாட்டினார்.

“நரம்பு செத்துப்போச்சுன்னு வைங்க. மருந்து வராது. தசைக்கு அது தெரியாது. ஒரே இடத்துல இருந்த வாசலைத் தன் உடம்பு பூரா திறந்து வைக்கும். எந்தப் பக்கத்துலருந்தாவது வரட்டும்னு. வரலைன்னதும் தானாத் துடிக்கும். நீங்க கேட்ட மழை அதுதான்.”

குரு தொங்கிய கையை இடது கையால் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“எவ்வளவு நாள் அப்படி இருக்கும்?” என்று பிறகு கேட்டார்.

“ஒரு வருஷம், ஒண்ணரை வருஷம். அதுக்கப்புறம் வாசலை எல்லாம் மூடிரும். பிறகு நரம்பு வந்தாலும் பிரயோசனம் இல்லை.”

“எனக்கு நரம்பு வந்துவிட்டது.”

“வந்துட்டு. ஆனா பேசலை. இப்படியே பேசாம இருந்தா, வந்த நரம்பும் ஒண்ணுதான், வராத நரம்பும் ஒண்ணுதான்.”

குரு கண்ணை மூடினார். “இதில் ஒரு பெரிய தத்துவம் இருக்கிறது அம்மா. அருள் என்பதும் அப்படித்தான். அது வந்து நிற்கும். நாம்தான்...”

“சாமி.”

“சொல்லுங்கள்.”

“தத்துவம் பிறகு பாப்போம். மூச்ச இழுங்க.”

*

மேஜைமேல் வழுவழுப்பான பலகை. அதில் முகத்துக்குப் போடுகிற பவுடரைத் தூவி, நோயாளியின் கையைப் பக்கவாட்டில் படுக்க வைப்பாள். தூக்கப் பலம் இல்லாத கைகூடப் பவுடரில் வழுக்கிக்கொண்டு நகர்ந்துவிடும்.

“கையைப் பத்தி நினைக்காதிய. மூச்சை மட்டும் இழுங்க. இழுக்க இழுக்கக் கை மடங்கும். இதே ஆபரேஷன் பண்ணிட்டு வந்த ஒருத்தரு கொட்டாவி விட்டாரு, கை தானா மடங்கி மூக்குல இடிச்சிட்டு.”

குரு மூச்சை இழுத்தார். அழகாக இழுத்தார். சபூரா அதுவரை அப்படி ஒரு மூச்சைப் பார்த்ததில்லை. சத்தம் இல்லை, அவசரம் இல்லை. எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை.

பவுடரில் ஒரு கோடுகூட விழவில்லை.

ஒரு மாதம் இப்படியே போயிற்று.

அன்றைக்குக் காரணம் கண்டுபிடித்துவிடுவது என்று சபூரா மேல்துண்டை எடுக்கச் சொன்னாள். உள்ளங்கையை அவர் நெஞ்சில் வைத்தாள். இழுக்கச் சொன்னாள். வயிறு மெல்ல எழுந்து அடங்கியது. நெஞ்சு கல் மாதிரி கிடந்தது.

“நீங்க எங்க மூச்சு விடுதிய?”

“நாபியில். நெஞ்சால் மூச்சு விடுவது பதற்றக்காரர்களின் மூச்சு. எல்லாருக்கும் நான் முதல் பாடமாகச் சொல்வது அதுதான்.”

சபூரா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

“சாமி, உங்களுக்கு எடுத்துக் குடுத்த நரம்பு நாபியில இல்ல. விலாவுல. நாப்பது வருஷமா நீங்க வேலையே குடுக்காத இடத்துலருந்து எடுத்திருக்காங்க.”

“அப்படியானால் நெஞ்சால் இழுக்கிறேன்.”

இழுத்துப் பார்த்தார். முடியவில்லை. நெஞ்சை நிமிர்த்த முடிந்தது, தோளைத் தூக்க முடிந்தது. மூச்சு மட்டும் பழகின வழியிலேயே போய் வயிற்றில் உட்கார்ந்தது. சும்மா கிடந்த வழியை நாற்பது வருஷம் கழித்துத் திறந்தால் உடனே திறந்துகொள்ளுமா?

சபூரா விடுகிற ஆள் இல்லை. வயிற்றைச் சுற்றித் துண்டை இறுக்கிக் கட்டினாள். அவர் மூச்சைக் குறைத்துக்கொண்டாரே ஒழிய நெஞ்சுக்கு மாற்றவில்லை.

மாடிப்படி ஏற வைத்தாள். மூன்று மாடி, இரண்டு தடவை, கூடவே அவளும் ஏறினாள். மூச்சு வாங்கியது சபூராவுக்குத்தான்.

இருமச் சொன்னாள். சபையில் பெரியவர் ஒருவர் தொண்டையைச் சரிசெய்துகொள்கிற மாதிரி இருமினார்.

கடைசியில் மூக்குப்பொடி வாங்கிவந்து மூக்கருகே காட்டினாள். தும்மல் கண்வரை வந்தது. குரு அதைக் கீழே இறக்கி, வயிற்றில் வைத்து, ஜீரணம் செய்துவிட்டார்.

“எப்படி சாமி?” என்றாள், கோபத்தில் பாதியும் ஆச்சரியத்தில் பாதியுமாக.

“பழக்கம்.”

*

“வீட்டுல யாரு பயிற்சி குடுக்கா?”

“நானே செய்கிறேன்.”

“அது பத்தாது. ஒரு ஆளு உங்க கையைப் பிடிச்சிக்கிட்டு, நீங்க ஒவ்வொரு மூச்சு இழுக்கும்போதும் மெல்ல மடக்கி விடணும். இங்க எல்லாரும் அம்மாவையோ பொண்டாட்டியையோ கூட்டிட்டு வாராங்க. உங்க மடத்துல ஒன்பது பேரு இருக்காங்கல்லா?”

“இருக்கிறார்கள். தொட மாட்டார்கள்.”

“ஏன்?”

“குருவின் பாதத்தைத்தான் தொடலாம். மற்ற இடத்தில் கை வைக்கக் கூடாது. மடத்தின் வழக்கம்.”

“யாரு வச்ச வழக்கம்?”

“நான்தான்.”

சபூராவுக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டாள்.

“ஒருத்தருமா தொட்டதில்லை?”

“ஒருவன் தொடுவான். சொன்னாலும் கேட்க மாட்டான். குளிக்கும்போது முதுகு தேய்த்துவிடுவான். மழையில் குடைபிடித்துத் தோளில் கை போட்டுக் கூட்டிப்போவான். வழக்கம் எல்லாம் வெயில் நாளைக்குத்தான் சாமி என்பான்.”

“அவரைக் கூட்டிட்டு வாங்க.”

“பைக் ஓட்டியது அவன்தான்.”

சபூரா பவுடர் டப்பாவை மூடினாள். திறந்து மறுபடியும் மூடினாள்.

“பேரென்ன?”

“மாசாணமுத்து. இருபத்தாறு வயது.”

“அவருக்கு வீட்டுல யாரு இருக்கா?”

“அம்மா மட்டும். ஆவுடைத்தாய் என்று பெயர். பக்கத்துக் கிராமம். பீடி சுற்றுகிறாள்.”

“போய்ப் பாத்தியளா?”

“அவன் இறந்த மூன்றாம் நாள் போனேன். கையைக் கழுத்தில் கட்டிய தூளியில் போட்டுக்கொண்டு போய் ஆறுதல் சொன்னேன். பிறகு போகவில்லை.”

“அவங்களைக் கூப்பிடுங்க.”

“எந்த முகத்தோடு அம்மா கூப்பிடுவது?”

“நான் முகத்துக்கு வைத்தியம் பாக்கலை சாமி,” என்றாள் சபூரா. “கைக்குத்தான் பாக்குதேன். உங்களைத் தொடப் பயப்படாத ஆளு எனக்கு வேணும். ஒரு மகனைக் குடுத்தவ இனி யாருக்குப் பயப்படப் போறா?”

*

மறுநாள் குரு பஸ்ஸில் போனார். வீட்டு வாசலில் நின்றார்.

ஆவுடைத்தாய் மடியில் பீடித் தட்டோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவரைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. விரல்களும் நிற்கவில்லை. இலையை எடுத்து, தூளைப் போட்டு, சுருட்டி, நூல் கட்டி, தட்டில் வைத்தாள்.

“வாங்க சாமி.”

அவர் வந்த காரியத்தைச் சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் நாலு பீடி ஆகிவிட்டது.

“எந்தக் கை?”

“வலது.”

“அவன் இருந்திருந்தா அவன்தான பிடிச்சிருப்பான்?”

“ஆமாம்.”

“எத்தனை மணிக்கு வரணும்?”

*

காலை ஒன்பது மணி பஸ்ஸில் வந்துவிடுவாள். அறைக்குள் வரும்போது செருப்பை வெளியே கழற்றிப் போடுவாள். வேண்டாம் என்று சபூரா சொல்லியும் கேட்கவில்லை.

சபூரா காட்டிக் கொடுத்தாள். ஒரு கை மணிக்கட்டுக்குக் கீழே. இன்னொரு கையின் இரண்டு விரல் புஜத்துத் தசைமேல். சாமி மூச்சு இழுக்கும்போது மெல்ல மடக்கணும். விடும்போது நீட்டணும். உள்ளே ஏதாவது துடிக்கிறதா என்று விரலால் பார்க்கணும்.

பலகைமேல் கிடந்த அவர் கையை ஆவுடைத்தாய் பிடித்தாள். கறுத்துக் காய்த்த விரல்கள். குரு ஒரு கணம் கூசினார். அவள் கூசவில்லை.

நாலு நாள் ஒன்றும் இல்லை. இரண்டு பேரும் பேசிக்கொள்ளவும் இல்லை. ஒருத்தர் மூச்சு விடுவதும் ஒருத்தி கையை மடக்குவதும்தான்.

ஐந்தாம் நாள் ஆவுடைத்தாய் சொன்னாள்: “தாயி, உள்ள என்னமோ ஓடிச்சு.”

சபூரா ஓடிவந்தாள். விரல் வைத்துப் பார்த்தாள். ஒன்றும் இல்லை.

“நெசமாவா?”

“ஒரு தூள் கூடினாக் குறைஞ்சா என் விரலுக்குத் தெரியும். ஓடிச்சு.”

“அப்ப என்ன பண்ணிட்டு இருந்திய?”

“ஒண்ணும் பண்ணலை. மாசாணத்துக்கு வாங்கி வச்ச புதுச் சட்டை ஒண்ணு மடிப்புக் கலையாமக் கிடக்கு, அதை என்ன செய்யன்னு கேட்டேன்.”

“சாமி என்ன சொன்னாங்க?”

“பதில் சொல்லலை.”

சபூரா குருவைப் பார்த்தாள். அவர் கண்ணை மூடியிருந்தார். வயிறு சீராக எழுந்து அடங்கியது.

அவள் அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஆவுடைத்தாயை வெளியே கூட்டிப்போய் இரண்டே வார்த்தை சொன்னாள்.

“நாளைக்கும் பேசுங்க.”

*

அவள் பேசினாள். அவளுக்குப் பேச அதிகம் இல்லை, ஒரு பையனைப் பற்றித்தான்.

மூன்று வயதுவரை பேச்சு வராமல் இருந்தது. வந்த பிறகு நிறுத்த முடியாமல் போனது. மிச்சர் பொட்டலத்தில் கடலையை மட்டும் பொறுக்கி அம்மாவுக்கு வைப்பது. பத்தாம் வகுப்பில் கணக்கில் தவறியதும் வீட்டை விட்டுப் போகிறேன் என்று சொல்லி, பஸ் ஸ்டாண்ட்வரை போய், பசித்ததும் திரும்பி வந்தது. மடத்தில் சேருகிறேன் என்றபோது அவள் ஒரு வாரம் சமைக்காமல் கிடந்தது. அவனே சமைத்து அவளுக்கு ஊட்டிவிட்டு மடத்துக்குப் போனது.

இதையெல்லாம் காய்ந்த குரலில் சொன்னாள். யாரோ ஒரு பையன் கதை மாதிரி. முகத்தில் ஒன்றும் இல்லை. கேட்ட சபூராதான் இரண்டு தடவை தண்ணீர் குடிக்கிறேன் என்று வெளியே போய் வந்தாள்.

குரு மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். அந்த மூச்சை என்ன செய்வது! ஒரு ஆயுள் முழுக்கப் பழகிய மூச்சு, அவரைக் காப்பாற்றிக்கொண்டே இருந்தது.

பன்னிரண்டாம் நாள் ஆவுடைத்தாய் கேட்டாள்.

“அன்னைக்கு வண்டியில என்ன பேசிட்டுப் போனிய?”

வயிறு எழுந்த இடத்தில் நின்றது.

“ஒன்றும் பேசவில்லை.”

“அவன் பேசாம வர மாட்டானே.”

குரு கண்ணைத் திறந்தார். கூரையைப் பார்த்தார். மூலையில் மணல் மூட்டையை அடுக்கிக்கொண்டிருந்த சபூரா அப்படியே நின்றாள்.

எனக்கு இந்த இடத்தைச் சொல்லக் கஷ்டமாக இருக்கிறது. ஆனால் இதைச் சொல்லாமல் இந்தக் கதை இல்லை.

“ரோட்டுல உளுந்துச் செடி காயப் போட்டிருந்தாவ,” என்றார் குரு.

அவர் குரல் மாறியிருந்தது. மடத்துப் பேச்சு போய்விட்டது. சாமியாராகும் முன் அவர் வீட்டில் பேசிய பேச்சு அது. சபூரா அதை அன்றுதான் முதல் தடவை கேட்டாள்.

“வழுக்கும்னு அவன் பாத்துட்டான். வேகத்தைக் குறைச்சான். முன் சக்கரம் லேசா ஆடுச்சு. பயந்துட்டான். அவன் முதுகு விறைச்சது எனக்குத் தெரிஞ்சுது.”

“பிறகு?”

“நான் பின்னால இருந்து சொன்னேன்.”

“என்ன சொன்னிய?”

“பயப்படாதல. மூச்சைக் கவனின்னேன்.”

ஆவுடைத்தாய் கையை விடவில்லை.

“மடத்துல மூச்சைக் கவனின்னு சொன்னாக் கண்ணை மூடணும். நாலு வருஷமா தெனமும் நான் சொல்லுவேன், அவன் மூடுவான். வண்டிக் கண்ணாடியில பாத்தேன். ரோட்டுல வச்சு, சொன்ன உடனே...” குரு நிறுத்தினார். “கண்ணை மூடிட்டான்.”

வெளியே யாரோ டோக்கன் நம்பர் கூப்பிட்டார்கள்.

ஆவுடைத்தாய் குனிந்து, தான் பிடித்திருந்த கையைப் பார்த்தாள்.

“நான் சொன்னா ஒண்ணும் கேக்க மாட்டான்,” என்றாள். “மெல்லப் போலன்னா வேகமாப் போவான். தலையைத் துவட்டுலன்னா அப்படியே படுப்பான். நீங்க சொன்னா உடனே கேப்பான்.”

குற்றம் சொல்லவில்லை. மன்னிக்கவும் இல்லை. தன் மகன் எப்படிப்பட்டவன் என்று சொன்னாள், அவ்வளவுதான்.

குருவின் வயிறு அசையவில்லை. மூச்சு அங்கே போய்ப் பார்த்து, இடம் கிடைக்காமல் திரும்பியது. நெஞ்சுக்கூடு ஒரு தடவை தூக்கிப் போட்டது. தொண்டையிலிருந்து வந்தது அவர் குரலே இல்லை. கன்றை இழந்த மாடு அப்படித்தான் கத்தும்.

பலகைமேல் கை நகர்ந்தது.

கொஞ்சம்தான். நாலு விரல் அகலம். பவுடரில் ஒரு வளைவு விழுந்தது.

இரண்டாவது தேம்பல். கை இன்னும் கொஞ்சம் மடங்கியது. மூன்றாவது. அவர் அதைப் பார்க்கவில்லை. முகத்தை இடது கையால் மூடியிருந்தார். வலது கை யாரும் சொல்லாமல், யாரும் பிடிக்காமல், தேம்பலுக்குத் தேம்பல் அவர் வாயை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. ஆவுடைத்தாய் எப்போதோ கையை எடுத்திருந்தாள்.

சபூரா கண்ணைத் துடைத்துக்கொண்டு ஸ்கேலை எடுத்தாள். அவள் வேலை அது. அளந்தாள். நோட்டில் எழுதினாள். எழுத்து கோணியது.

வெகுநேரம் கழித்துக் குரு முகத்திலிருந்து கையை எடுத்தார். பலகையைப் பார்த்தார். மடங்கிக் கிடந்த தன் கையைப் பார்த்தார்.

“இதுதானா?”

“இதுதான் சாமி.”

“ஒவ்வொரு தடவையும் இப்படித்தான் மடங்குமா? அழுதுகிட்டா?”

“கொஞ்ச நாளைக்கு. நெஞ்சு அசைஞ்சாத்தான் கை அசையும். தெனமும் பழக்கினா, ஒரு வருஷத்துல மூச்சு வேற, கை வேறன்னு மூளை பிரிச்சுக்கும். அப்புறம் மூச்சு இழுக்காமலே சோத்தை எடுத்து வாயில வைக்கலாம்.”

“கை பிரிஞ்சுரும்.”

“பிரிஞ்சுரும்.”

“இந்த அழுகை?” என்று குரு கேட்டார். “இது எப்ப நிக்கும்?”

சபூரா படித்த பாடத்தில் அது இல்லை. அவள் ஆவுடைத்தாயைப் பார்த்தாள். குருவும் அவளைத்தான் பார்த்தார்.

ஆவுடைத்தாய் விரலில் ஒட்டிய பவுடரைச் சேலையில் துடைத்தாள்.

“எனக்கு எப்படித் தெரியும் சாமி?” என்றாள். “மூணாம் நாளு வந்து, அழக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போனிய. நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை.”